முறையீடும் பொதுவேலையும்: புத்தளக் கரையோரத்து உள்ளூராட்சி வரலாறு குறித்து ஒரு நோக்கு

இலங்கையின் உள்ளூராட்சி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களை முன்னிறுத்தியே எழுதியுள்ளனர். 1865ஆம் ஆண்டின் மாநகர சபைக் கட்டளைச் சட்டம் அந்நகரங்களிலேயே முதலில் நடைமுறைக்கு வந்தமையும், சபைக் கூட்டக் குறிப்புகள் அங்கு ஒழுங்காகப் பேணப்பட்டமையும் இதற்குக் காரணங்களாகும். ஆயின் இந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் மாநகரங்களில் வாழ்ந்தவரல்லர். மேற்கே கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் எல்லைகளாக அமைய, கற்பிட்டிக் குடாநாட்டில் நுரைச்சோலைக்கு அண்மையில் கிடக்கும் மாம்புரி போன்ற ஊர்களிலேயே அவர்கள் வாழ்ந்தனர்; இன்றும் வாழ்கின்றனர். அத்தகைய ஓர் ஊரின் குடியானவர், ஒழுங்கையில் வெள்ளம் நின்றபோதும் கிணற்று நீர் கெட்டபோதும் யாரிடம் சென்று முறையிட்டார்? முறையீட்டைக் கேட்டவரிடம் அதனைத் தீர்ப்பதற்கான பணமும் அதிகாரமும் இருந்தனவா? இவ்விரு வினாக்களையும் ஒன்றாக வைத்து நோக்கும்போது, பரீட்சைக்காக நாம் மனனஞ் செய்யும் கட்டளைச் சட்டங்களின் ஆண்டு வரிசை வேறொரு பொருளைத் தரத் தொடங்குகிறது. முறையீட்டைக் கேட்கும் செவி சில காலம் ஊருக்கு அண்மையில் இருந்தது. சில காலம் அகன்று சென்றது. வேலையைச் செய்யும் கையோ, சிறிதுகாலம் நீங்கலாக, ஊரைவிட்டு விலகிக்கொண்டே சென்றது.

பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் இக்கரையோரத்தில் மக்களின் குறைகளைக் கேட்டவர் மணியகாரர். வரி அறவிடுதல், பாதைகளை மேற்பார்வை செய்தல், மனுக்களை விசாரித்து மேலிடத்துக்கு அனுப்புதல் ஆகிய யாவும் அவர்மேற் சுமத்தப்பட்டிருந்தன. தமிழிலக்கிய வரலாறு பயில்வோர் நன்கறிந்த சைமன் காசிச்செட்டி இத்தகைய பதவியை வகித்தவரே. கற்பிட்டியில் 1807இல் பிறந்த அவரை நாம் 'தமிழ் புளூட்டாக்' நூலின் ஆசிரியராகவே நினைவிற் கொள்கிறோம். புத்தளத்து மணியகாரராக அவர் ஊரூராகத் திரட்டிய அறிவு, 1834இல் வெளிவந்த அவருடைய இலங்கைக் கசற்றியருக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. மனுக்களை வாசிக்கும் ஓர் உத்தியோகத்தரே நாட்டின் இடப்பெயர் அகராதியை எழுத வல்லவராயினார் என்பது தற்செயலன்று. 1838இல் அவர் சட்டநிரூபண சபையின் உறுப்பினராகவும் ஆனார். ஆயினும் மணியகாரர் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர்; அரசாங்க அதிபருக்கே அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1845இல் வடமேல் மாகாணம் உருவாக்கப்பட்டபோது புத்தளமே அதன் தலைநகராயிற்று. சிறிது காலத்தின் பின் அந்நிலை குருநாகலுக்குப் போயிற்று. புத்தளத்தில் உதவி அரசாங்க அதிபர் எஞ்சினார். புத்தளத்து உப்பளங்களின் வருவாய் அரசின் உப்புத் தனியுரிமையின் வழியே மத்திய திறைசேரியைச் சென்றடைந்தது. உப்பு விளைந்த ஊர், தன் பாதைக்கான பணத்தை வெளியூரிலிருந்து எதிர்பார்க்கும் நிலை அன்றே தொடங்கிவிட்டது.

பாதைகளைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1832இல் இராசகாரியம் எனும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848இல் தேசாதிபதி ரொறிங்ரன் காலத்தில் இயற்றப்பட்ட வீதிக் கட்டளைச் சட்டம், பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஆடவனும் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணஞ் செலுத்த வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு கண்டிப் பிரதேசத்தில் எழுந்த கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணமாகும். கிளர்ச்சி அடக்கப்பட்டது, வரி நீடித்தது. 1861ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் மாகாண வீதிக் குழுக்களையும் மாவட்ட வீதிக் குழுக்களையும் அமைத்து, இவ்வுழைப்பையும் பணத்தையும் செலவிடும் பொறுப்பை அவற்றிடம் ஒப்படைத்தது. இங்கே ஒன்று கவனிக்கற்பாலது. இந்நாட்டில் உள்ளூர்ப் பொதுவேலை என்பது முறையீட்டுக்கு விடையாகப் பிறக்கவில்லை, கட்டளையாகப் பிறந்தது. எவ்வீதி முதலில் அமைய வேண்டும் என்று வேலை செய்தவனைக் கேட்டவர் எவருமிலர். மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நோக்கி வீதிகள் விரைந்து நீண்டன. கற்பிட்டி மணலில் வண்டிச் சில்லுப் புதைந்தது என்ற குறை அக்காலப் பொருளாதாரத்தில் பெறுமதியற்ற குறையாகவே இருந்திருக்கும்.

முறையீட்டுக்குச் சட்டத்தில் ஓரளவு இடந்தந்தது 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கக் கிராமக் குழுக்கள் கட்டளைச் சட்டமே. தேசாதிபதி ஹெர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில் இயற்றப்பட்ட இச்சட்டம், பண்டைய கன்சபாவை மீட்டெடுப்பதாகக் கூறிக்கொண்டது. நீர்ப்பாசனம், கால்நடை அத்துமீறல், மீன்பிடி முதலியன பற்றி ஊரவர் கூடி விதிகளை வகுக்கலாம். சிறு வழக்குகளைக் கிராம மன்று தீர்க்கலாம். தலைமை அரசாங்க உத்தியோகத்தரிடமே இருந்தமையால் இதனைச் சுயாட்சி என்று போற்றுதல் மிகையாகும். எனினும், களப்பில் எவ்வலையை எப்போது இடலாம் என்பது போன்ற ஒரு பிணக்கை ஊரவர் கூட்டமே பேசுவதற்குச் சட்டம் இடமளித்தது. 1876ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த உள்ளூர்ச் சபைகளுள் ஒன்றைப் புத்தளம் நகரம் பெற்றது. 1892ஆம் ஆண்டுச் சட்டம் சிறு பட்டினங்களுக்குச் சுகாதார சபைகளைத் தந்தது. 1920, 1939, 1946, 1947 ஆகிய ஆண்டுகளிற் பின்வந்த சட்டங்களை நூல்கள் போதியளவு விளக்கியுள்ளன. இக்கட்டுரைக்கு அவை முதன்மையானவையல்ல.

முதன்மையானது 1938ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் உள்ளூர் நிருவாக அமைச்சராக இருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க இதற்குப் பொறுப்பாயிருந்தார். கிராமச் சங்கம் இதன்மூலம் மக்களால் முழுமையாகத் தெரிவுசெய்யப்படும் மன்றமாயிற்று. ஊர் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர். அவர் பெரும்பாலும் அயலவர். மாலையில் கடைத்திண்ணையிலும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலும் ஞாயிறன்று கோயில் வாசலிலும் காணக்கூடியவர். ஒழுங்கை, மதகு, பொதுக்கிணறு, சந்தை, வாசிகசாலை ஆகியன சங்கத்தின் பணிகள். குறையைக் கேட்டவரே அடுத்த கூட்டத்தில் அவ்வேலைக்குப் பணங் கேட்டு எழுந்து நிற்பார். மேலே நாம் குறித்த இரு வினாக்களுக்கும் ஒரே மனிதர் விடையாக நின்ற காலம் இஃதொன்றே.

அக்காலத்தைப் பொற்காலமென்று வருணிக்க நாம் விரும்பவில்லை. பல சங்கங்களிற் சாதியும் குடும்பச் செல்வாக்கும் ஓங்கியிருந்தன. வட்டார உறுப்பினரின் உறவினர் வாசலுக்கு முதலில் கிறவல் கொட்டப்பட்டது என்ற மனத்தாங்கல் இல்லாத ஊர் அரிது. வருமானமோ மிகச் சொற்பம். 1955இல் அறிக்கை சமர்ப்பித்த சொக்சி ஆணைக்குழு, சிறு சபைகளின் வலுக்குறைவை உணர்ந்து அவற்றுக்கு மேலாகப் பிராந்திய சபைகள் அமைய வேண்டும் என விதந்துரைத்தது. அவ்விதப்புரை நிறைவேறவில்லை. ஆயினும் இக்குறைகள் யாவும் ஊரவர் கண்ணுக்குத் தெரிந்த குறைகள். எவரை ஏச வேண்டும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. உள்ளூராட்சியில் இது சிறிய பேறன்று.

சங்கங்கள் ஒழிக்கப்படுவதற்கு முன்பே அவற்றின் பணிகள் ஒவ்வொன்றாக வேறு கைகளுக்கு மாறத் தொடங்கின. 1969இல் இலங்கை மின்சார சபை அமைந்தது. 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையை உருவாக்கியது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபையும், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய சுற்றாடல் அதிகார சபையும், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீதி அபிவிருத்தி அதிகார சபையும் தோன்றின. இவை ஒவ்வொன்றுக்கும் தக்க நியாயமுண்டு. ஒரு கிராம சபை அனல் மின் நிலையம் கட்ட முடியாது. ஆனால் இவற்றுள் எதுவும் மாம்புரியிலோ ஆலங்குடாவிலோ தெரிவுசெய்யப்பட்ட ஒருவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டதாக அமைக்கப்படவில்லை.

1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டம் வந்தது. 1981 யூலையுடன் ஐந்நூறுக்கு மேற்பட்ட கிராம சபைகளும் 83 பட்டின சபைகளும் மறைந்தன. அவற்றின் இடத்தில் மாவட்டத்துக்கொன்றாக அபிவிருத்திச் சபைகள் நிறுவப்பட்டன. அச்சபைகளுக்கான தேர்தலை நம்மவர் மறக்கவியலாது. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது அத்தேர்தற் காலத்திலேயே. இனப்பிரச்சினைக்கான தீர்வாக அபிவிருத்திச் சபை பேசப்பட்டமையால், அது கிராம சபையை விழுங்கியதைப் பற்றி அன்று எழுந்த பேச்சு மிகக் குறைவு. வடக்கிற்கு அதிகாரம் பரவலாக்கப்படுவதாகக் கூறப்பட்ட அதே சட்டத்தினால், நாடெங்கும் ஊர்மட்ட மன்றங்கள் இல்லாதொழிந்தன. இம்முரண்பாடு நம் வரலாற்றாசிரியரின் கவனத்தை இன்னும் வேண்டி நிற்கிறது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இவ்வெற்றிடத்தை நிரப்ப வந்தது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுவழிகள் ஆகியவற்றின் ஒழுங்குபடுத்தலும், மக்களின் வசதியும் நலனும் பிரதேச சபையின் பொறுப்புகள் என்று அது கூறியது. முதற்றேர்தல் 1991 மே மாதம் நடந்தது. கற்பிட்டிப் பிரதேச சபை குடாநாட்டின் ஏறத்தாழ முழு நீளத்தையும் தழுவியது. முன்னர் பல சபைகளின் ஆள்புலமாயிருந்தது ஒரு சபையின் ஆள்புலமாயிற்று. விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையினால் வட்டாரமும் இல்லாமற் போயிற்று. எல்லா உறுப்பினரும் எல்லா ஊருக்கும் உறுப்பினர். ஆகவே எந்த ஊருக்கும் தனித்து எவரும் பொறுப்பாளியல்லர். விருப்பு வாக்குகளைத் திரட்டக்கூடிய பெரிய ஊர்கள் ஓரிரு உறுப்பினரைப் பெற்றன. சிற்றூர்கள் பல தேர்தல்கள் வரையிலும் ஒருவரைத்தானும் பெறாதிருக்க இடமிருந்தது. விகிதாசார முறை சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பளித்தது என்பது உண்மையே. ஆனால் மதகு உடைந்ததைச் சொல்வதற்குரிய ஒரு வாசலை அது அளிக்கவில்லை.

பணநிலையும் இதனோடு சேர்ந்து நோக்கப்பட வேண்டும். கட்டடங்கள் செறிந்த பகுதியெனப் பிரகடனஞ் செய்யப்பட்ட இடங்களிலேயே பிரதேச சபை சோலைவரி அறவிடலாம். தென்னந்தோப்பும் மரக்கறித் தோட்டமும் மீன்வாடியுமாகப் பரந்த ஒரு நிலப்பகுதியில் அத்தகைய இடங்கள் எத்தனை இருக்கும்? கடைகளின் அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, மாகாண சபை வழியாக வரும் முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியனவே எஞ்சியவை.

இந்நிலையிலிருந்த சபையின் தலைமேற்றான் 1990 ஒக்டோபரின் பெருந்துயரும் விழுந்தது. விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களுள் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திற் புகலடைந்தனர். கற்பிட்டிக் குடாநாட்டில் ஓலைக் கொட்டில்களாகத் தொடங்கிய முகாம்கள் காலப்போக்கில் ஊர்களாயின. அம்மக்களிற் பலர் மன்னார் முதலிய தாய் மாவட்டங்களின் வாக்காளராகவே நீண்டகாலம் பதிவிலிருந்தனர். தேர்தல்களில் புத்தளத்தில் அமைக்கப்பட்ட வாக்கெடுப்பு நிலையங்களிலிருந்து அம்மாவட்டங்களுக்கு வாக்களித்தனர். தாயகத்துக்குத் திரும்பும் உரிமையைக் கைவிடாதிருக்க அப்பதிவு அவசியமாயிருந்தது. அதன் விளைவோ கொடியது. குப்பை அள்ளுவதற்கும் குடிநீருக்கும் அவர்கள் முறையிட வேண்டியிருந்த சபை, அவர்கள் வாக்களிக்காத சபை. வாக்குரிமை இருந்த சபையோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கப்பால், தம் வீடுகள் இடிந்து கிடந்த மண்ணில். வந்தோருக்கும் இருந்தோருக்குமிடையே கிணற்றடியிலும் பாடசாலையிலும் எழுந்த உரசல்களைச் சமூகப் பகையென்று மட்டும் விளக்குவோர், அதன் அடியிலிருந்த இந்நிருவாகப் பிழையைக் காணத் தவறுகின்றனர்.

குடிநீரையே எடுத்துக்கொள்வோம். குடாநாட்டின் நன்னீர், மணலுக்குள் மெல்லிய வில்லைபோல் உவர்நீரின்மேல் மிதப்பது. மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகிய பயிர்களுக்கு இடப்படும் இரசாயனப் பசளை நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகிறது என்பதை 1980கள் முதல் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நீர் கெட்டதென்று ஒருவர் பிரதேச சபைக்குப் போனால், பசளை விவசாயத் திணைக்களத்தின் விடயம். குழாய்நீர் நீர்வழங்கல் சபையின் விடயம். நோய் சுகாதார வைத்திய அதிகாரியின் விடயம். சபையினால் இயன்றது பவுசரில் நீர் அனுப்புவது.

பொதுவேலை என்ற சொல்லே பொருள்மாறிப் போனதை நுரைச்சோலை காட்டுகிறது. அங்கு அனல் மின் நிலையம் அமைக்கும் திட்டம் 1990களின் இறுதியிலேயே மீனவரதும் சிலாபம் மறைமாவட்டக் கத்தோலிக்கரதும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தலவில் புனித அன்னாள் திருத்தலத்தின் அயல் கெடும் என்பதும், கரைவலைக்கான கடற்கரை பறிபோகும் என்பதும் அவர்களின் முறையீடுகள். திட்டம் சிலகாலம் கிடப்பிற் போடப்பட்டது. 2006இல் சீன நிறுவனமொன்றின் மூலம் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச்சில் முதற் பிரிவு திறந்துவைக்கப்பட்டது. 2014இல் மூன்று பிரிவுகளும் நிறைவுற, மொத்தக் கொள்ளளவு 900 மெகாவாற்று ஆயிற்று. நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கு இங்கிருந்தே செல்கிறது. இதற்கிடையில் 2010இல் மாம்புரிக் கடற்கரையில் தனியார் காற்றாலைகளும் சுழலத் தொடங்கின. சோழகக் காற்று இரண்டுக்கும் பொது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் அக்காற்றே காற்றாலையைச் சுழற்றுகிறது. அதுவே மின் நிலையத்தின் நிலக்கரிக் குவியலிலிருந்து தூளை எழுப்பிக் கிழக்கேயுள்ள குடிமனைகளிலும் தோட்டங்களிலும் படியச் செய்கிறது என மக்கள் முறையிட்டு வந்துள்ளனர்.

அம்முறையீடு சென்ற வழி வியப்பூட்டுவது. இலங்கையில் தனக்கெனச் சுற்றாடல் நியதிச்சட்டம் இயற்றிக்கொண்ட ஒரே மாகாணம் வடமேல் மாகாணம். 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியதிச்சட்டத்தின்படி மின் நிலையத்துக்குச் சுற்றாடற் பாதுகாப்பு அனுமதி வழங்குவது மாகாணச் சுற்றாடல் அதிகார சபை. நிலையத்தை நடத்துவது மத்திய அரசின் மின்சாரத் துறை. தெருவிளக்கின் குமிழை மாற்றும் பொறுப்பு மட்டும் பிரதேச சபைக்கு. அக்குமிழைத் தாங்கும் கம்பமும் மின்சாரத் துறைக்குரியது. இலங்கைக்கே வெளிச்சந் தரும் ஊரில் ஒழுங்கை இருண்டிருந்தால், பிரதேச சபை உறுப்பினரையே மக்கள் ஏசுவர். எய்தவனிருக்க அம்பை நோவானேன் என்று அவரும் ஆற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இதனினும் வெளிப்படையானது அருவக்காடு விவகாரம். 2017 ஏப்பிரல் 14இல் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர். மேல் மாகாணத்துக் குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் புகையிரதத்திற் கொண்டுவந்து, புத்தளத்துக்கு வடக்கே சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழப்பட்ட குழிகளருகே புதைக்கும் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. குப்பை அகற்றுதல் சட்டப்படி அவ்வந் நகரத்து உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. ஆகவே இஃது ஒரு மாநகரத்தின் பொதுவேலை. ஆனால் அது நிகழ்ந்த இடம் வேறொரு மாவட்டம். 2018 செப்டெம்பர் இறுதியிலிருந்து புத்தளம் நகரில் நூறு நாட்களைக் கடந்து சத்தியாக்கிரகம் நடந்தது. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் இந்துக்களும் அதில் ஒருங்கே அமர்ந்தனர். 2019 மார்ச்சில் கொழும்புக்கே சென்று குரலெழுப்பினர். நகர சபையிற் பேசலாம், தீர்மானம் நிறைவேற்றலாம். ஆனால் எந்தச் சபையின் கழிவு வருகிறதோ அந்தச் சபையில் புத்தளத்தாருக்கு வாக்கில்லை. 2019 ஓகஸ்டில் குப்பை வந்தது. ஒக்டோபரில் அவ்விடத்தில் வெடிப்பொன்று நிகழ்ந்தது. 1848இல் வீதிக்கு ஆறு நாள் உழைப்பைக் கட்டளையாற் பெற்ற அதே மனப்பாங்கு, நூற்றெழுபது ஆண்டுகளின் பின் நிலத்தைக் கேட்டது என்று கூறின் அது மிகைக் கூற்றாகாது.

வட்டாரம் மீண்டும் வந்தது 2018 பெப்ரவரித் தேர்தலில். அறுபது வீதம் வட்டாரம், நாற்பது வீதம் பட்டியல் என்ற கலப்பு முறையினால் நாட்டின் உறுப்பினர் தொகை எண்ணாயிரத்துக்கு மேல் உயர்ந்தமை பரவலாக எள்ளி நகையாடப்பட்டது. செலவு பற்றிய அக்கண்டனத்தில் உண்மையுண்டு. ஆயினும் எழுபது வருடக் கணக்கைப் பார்த்தோமாயின், தன் வட்டாரத்துக்கென ஒருவரைக் குறிப்பிடக்கூடிய நிலை சிற்றூருக்கு ஏறக்குறைய முப்பத்தேழு ஆண்டுகளின் பின்னரே திரும்பக் கிடைத்தது. அதுவும் நீடிக்கவில்லை. 2023 மார்ச்சில் நடைபெறவிருந்த தேர்தல் பணமில்லையென்று நடத்தப்படாமற் போயிற்று. அம்மாதமே சபைகளின் காலம் முடிவுற்றது. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆந் திகதி வாக்கெடுப்பு நடைபெறும் வரை, ஈராண்டுக்கு மேலாகப் பிரதேச சபையைச் செயலாளரே நடத்தினார். காசிச்செட்டி இருந்த நாற்காலியின் இன்னொரு வடிவம் அது: கடமையுணர்வுடையவர் அமரலாம், ஆனால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வரலாற்றைப் பயில்வோர் பெரிதும் பாராமற் செல்லும் ஒரு பிரிவு பிரதேச சபைகள் சட்டத்தில் உண்டு. சபை நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழினுட்பச் சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் என்ற துறைகளுக்குக் குழுக்களை நியமிக்கலாம். சபை உறுப்பினரல்லாத ஊரவரையும் அக்குழுக்களில் அமர்த்தலாம். வாக்காளர் இடாப்பு வேறு மாவட்டத்திலிருந்த முகாம்வாசியும், கரைவலைச் சம்மாட்டியும், கிணற்று நீர் கெட்ட தோட்டக்காரரும் அங்கு உட்கார்ந்து பேசுவதற்குப் புதிய சட்டமெதுவும் தேவைப்பட்டிருக்காது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1988 சனவரி முதலாந் திகதி.